படம் இருக்கிறது, நார் எங்கே? டாவோவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கும், அங்கே தமிழ் மாணவர் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் பழக்கமில்லை. நான் கைத்தறித் துணி வடிவமைப்பு வேலை செய்கிறவள். அந்த வேலையாக, டாவோ இருக்கும் மிந்தனாவ் தீவுக்கு வந்து போகிறவள். உங்கள் விழாப் படங்களையும் சுற்றுலா வீடியோக்களையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதில், இந்தத் தீவின் நெசவுத் துணிகளைப் பற்றி எழுந்த ஒரு ஆதங்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

முதலில் உங்கள் பர்ஸில் பிளாஸ்டிக் 1000 பேசோ நோட்டு ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். (மாதக் கடைசி என்றால் பக்கத்து அறையில் கடன் வாங்கியாவது பாருங்கள்.) முன்பக்கத்தில் இருக்கும் கழுகை உங்களுக்குத் தெரியும், டாவோவிலேயே காலினான் பக்கம் அதற்கு ஒரு காப்பகம் இருக்கிறது. பின்பக்கத்தில் துப்பத்தாஹா பவளத்திட்டும், ஒரு முத்தும், ஓரத்தில் ஒரு நெசவுக் கோலமும் இருக்கும். அந்தக் கோலத்தின் பெயர் டினாலக். தெற்கு கோட்டபாட்டோ மாகாணத்தில் லேக் செபு ஏரியைச் சுற்றி வாழும் டிபோலி பழங்குடி மக்கள் அபாகா என்ற செடியின் நாரில் நெய்யும் துணி அது.

பிலிப்பைன்ஸின் பழைய காகித நோட்டில் 80 சதவீதம் பருத்தி, 20 சதவீதம் அபாகா நார். அதாவது கசங்கிப்போன பழைய நோட்டைத் தொட்டபோதெல்லாம் நீங்கள் மிந்தனாவ் மலையிலோ பிக்கோல் பக்கத்துத் தீவுகளிலோ விளைகிற ஒரு செடியைத் தொட்டிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் 1000 பேசோ நோட்டு பிளாஸ்டிக்குக்கு மாறியது. 2024 டிசம்பரில் 500, 100, 50 பேசோ பிளாஸ்டிக் நோட்டுகளும் வந்தன. நீண்ட நாள் உழைக்கும், அழுக்கு ஒட்டாது, கள்ள நோட்டு அடிப்பது கஷ்டம் என்று மத்திய வங்கி காரணம் சொன்னது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அபாகா விவசாயிகள் தரப்பு எதிர்த்ததிலும் நியாயம் இருந்தது. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. அபாகாத் துணியின் படத்தை நோட்டில் வைத்துக்கொண்டு அபாகாவை நோட்டிலிருந்து எடுத்துவிட்டார்களே, அதுதான் என் கண்ணை உறுத்துகிறது. டாவோ, ஜென்சான் (ஜெனரல் சாந்தோஸ் நகரம்) கைவினைக் கடைகளில் நடப்பதும் இதுதான். நீங்கள் ஊருக்கு வாங்கி வருகிற ‘டினாலக்’ பைகளில் பலவற்றில் கோலம் மட்டும் இருக்கிறது, அச்சடித்த பாலியஸ்டரில்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், அபாகாவை முதல் பார்வையிலேயே சொந்தம் கொண்டாடக்கூடிய ஆட்கள் நாம். அது வாழைதான். வாழை இனத்திலேயே நாருக்காக வளர்க்கப்படும் வகை. இலை கொஞ்சம் ஒடுங்கி, நுனி கூராக இருக்கும். காய் சின்னதாக, உள்ளே விதை நிறைந்து, தின்ன உதவாது. நம்மூரில் பூ கட்டுவதற்கு வாழை மட்டையிலிருந்து நார் கிழிப்பார்கள் அல்லவா, அதே இடத்திலிருந்துதான் இதுவும் வருகிறது. ஆனால் வலு வேறு. உப்புத் தண்ணீரில் ஊறினாலும் சீக்கிரம் இற்றுப்போகாது என்பதால் பாய்மரக் கப்பல் காலத்தில் உலகத் துறைமுகங்கள் எல்லாம் இந்தக் கயிற்றைத் தேடின. இன்றும் உலகச் சந்தைக்கு வரும் அபாகாவில் 80 சதவீதத்துக்கும் மேல் பிலிப்பைன்ஸிலிருந்துதான் போகிறது. டீ பேக் காகிதத்தில் அது இருக்கிறது. ஜப்பானின் யென் நோட்டில் இருக்கிறது.

நீங்கள் வாடகைக்கு இருக்கும் டாவோ நகரமே அபாகாவால் வளர்ந்த ஊர்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியோ மலைக்குச் சாலை போட வந்த ஜப்பானியத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலை முடிந்ததும் தெற்கே டாவோவுக்கு வந்து அபாகாத் தோட்டங்களில் சேர்ந்தார்கள். ஓட்டா கியோசாபுரோ என்ற வியாபாரி தொடங்கிய தோட்டத்தைச் சுற்றி மிந்தால் பகுதி பெரிய ஜப்பானியக் குடியிருப்பாகவே ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அந்த மண்ணில் ஏற்றுமதிக்கான கேவண்டிஷ் வாழை வந்தது. ஜன்னலுக்கு வெளியே நீங்கள் பார்க்கிற வாழைத் தோட்டங்களுக்கு இப்படி ஒரு முன்கதை இருக்கிறது.

சரி, துணிக்கு வருகிறேன். டினாலக் எப்படி உண்டாகிறது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் அச்சடித்த துணியை வாங்கக் கை நீளாது.

ஒன்றரை, இரண்டு வருடம் வளர்ந்த மரத்தை வெட்டி, மட்டைகளைப் பிரித்து, வெளித்தோலை நீளப் பட்டைகளாக உரிக்கிறார்கள். கட்டையோடு பொருத்திய கத்திக்கு அடியில் அந்தப் பட்டையைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தால் சதை எல்லாம் கத்தியோடு நின்றுவிடும், நார் மட்டும் கைக்கு வரும். பெரும்பாலும் ஆண்கள் செய்யும் வேலை, தோள் இறங்கிவிடும். காயவைத்த நாரைச் சீவி, மெல்லிய இழைகளாகத் தரம் பிரிக்க வேண்டும். பருத்தியைப் போல அபாகாவை நூற்பதில்லை. ஒவ்வொரு இழையின் முனையையும் அடுத்த இழையின் முனையோடு கையாலேயே முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சின் வாலை ஒட்ட நறுக்கிவிடுகிறார்கள். ஒரு துணிக்கு வேண்டிய நூல் முழுவதும் இப்படி முடிச்சு முடிச்சாகச் சேர்ந்ததுதான். நெய்வதைவிட இதற்கு ஆகும் நேரம் பெரிது. வீடியோக்களில் இது வருவதே இல்லை, பார்க்க அவ்வளவு சலிப்பான வேலை.

அடுத்தது கட்டுதல். பாவு நூலை, அதாவது துணியில் நீளவாக்கில் ஓடும் நூலை, சட்டத்தில் விரித்து, எங்கெங்கே சாயம் ஏறக்கூடாதோ அங்கெல்லாம் நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். மதுரைச் சுங்குடியில் நெய்து முடித்த துணியில் முடிச்சுப் போடுவோம். இங்கே நெய்வதற்கு முன்னாலேயே, வெறும் நூலில் கோலம் முடிந்துவிடுகிறது. வரைபடம் கிடையாது. எத்தனை இழை தள்ளி எத்தனை இழையைக் கட்ட வேண்டும் என்பது நெசவாளியின் தலைக்குள் இருக்கிறது. முதல் சாயம் கறுப்பு. அது கினாலும் மரத்தின் இலையிலிருந்து வருகிறது, நம் கருங்காலி இனத்தைச் சேர்ந்த மரம். விரும்பும் கறுப்பு வரும்வரை நாட்கணக்கில் கொதிக்கவிட்டு ஊறவைப்பார்கள். பிறகு சிவப்பு வேண்டிய இடங்களின் கட்டை மட்டும் அவிழ்த்து, லோகோ வேரில் முக்குகிறார்கள். லோகோ நம் நுணா இனம். கடைசியாக மிச்சக் கட்டுகளையும் அவிழ்த்தால் நாரின் சொந்த வெண்மை தெரியும். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, அவ்வளவுதான் டினாலக்கின் நிறங்கள். நீலமும் ஊதாவும் மின்னுகிற ‘டினாலக்’கைப் பார்த்தால் இரண்டாம் தடவை யோசியுங்கள்.

நெய்வது இடுப்புத் தறியில். ஒரு முனை வீட்டுச் சட்டத்தில், மறுமுனை நெசவாளியின் இடுப்பில். உடம்பைச் சாய்த்துத்தான் பாவின் விறைப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரே நிறத்தில் இருப்பதால் கோலம் முழுக்கப் பாவில்தான் எழும். வெயில் ஏறினால் நார் உலர்ந்து பட் பட்டென்று அறுந்துபோகும் என்பதால் காலையிலும் சாயங்காலத்திலும்தான் உட்காருவார்கள். எடுத்த துணியை ஆற்றில் அலசிவிட்டு, சோழியால் தேய்ப்பார்கள். நீளமான மூங்கிலின் ஒரு முனையைக் கூரையில் முட்டுக்கொடுத்து, அடிமுனையில் சோழியைப் பொருத்தி, மூங்கில் வளைந்து தரும் அழுத்தத்தில் துணியின் மேல் முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். டினாலக்கில் தெரிகிற அந்த மினுமினுப்பு மெழுகோ ரசாயனமோ அல்ல, சோழி தேய்த்த தேய்ப்பு.

கோலங்களை அபாகாவின் ஆவியான ஃபு டாலு கனவில் தருகிறது என்பது டிபோலி நம்பிக்கை. அதனால்தான் ‘கனவு நெசவாளிகள்’ என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் வீடியோக்களில் கனவு மட்டுமே வருவது எனக்குப் பிடிக்கவில்லை. கனவில் வந்த கோலமாக இருந்தாலும் நார் உரித்து, முடிச்சுப் போட்டு, கட்டி, கொதிக்கவைத்துத்தான் துணியாக வேண்டும். தாயிடமிருந்து மகளுக்கு வந்த பழைய கோலங்களும், ஆர்டருக்கு நெய்கிற கோலங்களும் நிறைய உண்டு. லாங் துலாய் என்ற அம்மா 12 வயதில் தன் தாயிடம் கற்று, நூறு கோலம் அளவுக்கு மனதில் வைத்திருந்தார். முதலை, வண்ணத்துப்பூச்சி, மேகம் எல்லாம் அதில் உண்டு. 1998-இல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்கு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான உயரிய பட்டத்தைக் கொடுத்தது. 2015-இல் காலமானார். அவருடைய கனவுகளைப் பற்றி எழுதியவர்கள் அவருடைய ஞாபகசக்தியைப் பற்றியும் அதே அளவு எழுதியிருக்கலாம்.

இப்போது கடைக்கு வருவோம். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? துணியைத் திருப்பிப் பாருங்கள். பாவிலேயே சாயம் ஏறியிருப்பதால் இரண்டு பக்கமும் கோலம் ஒரே அழுத்தத்தில் இருக்கும், அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். கோலத்தின் ஓரங்கள் இழை இழையாகக் கொஞ்சம் கலங்கித் தெரியும். கத்தரித்ததுபோல் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். விரலை ஓட்டினால் முடிச்சுகள் தட்டுப்படும். மடித்தால் விறைப்பாக, ஓலைபோல ஒரு சத்தம் வரும். அகலம் ஒரு பெண்ணின் மடியில் அடங்குகிற அளவுதான், ஏனென்றால் தறியே அவ்வளவுதான். விலை கேட்டால் கொஞ்சம் திகைப்பீர்கள். மாணவர் பட்ஜெட்டுக்கு முழுத் துணி கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். அசல் துணியின் சின்னத் துண்டில் தைத்த ஒரு பர்ஸை வாங்கிக்கொள்ளுங்கள். டினாலக்கை வெட்டினால் நோய் வரும் என்பது பழைய நம்பிக்கை. ஆனாலும் இன்று லேக் செபுவிலேயே வெட்டித் தைத்து விற்கிறார்கள், அவர்களுக்கும் பிழைப்பு ஓட வேண்டுமே. அவர்களைவிடப் பெரிய பக்தர்களாக நாம் மாற வேண்டியதில்லை.

லேக் செபுவுக்கு நீங்கள் போகாமல் இல்லை. ஏழு அருவி ஜிப்லைனில் தொங்கிக்கொண்டு கத்துகிற வீடியோ உங்களில் பாதிப் பேரிடம் இருக்கும். ஏரியில் பிடித்த திலாப்பியா மீனைச் சாப்பிட்டுவிட்டு, வரும் வழியில் ஜென்சானில் அச்சுத் துணி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறீர்கள். தறி இருக்கும் வீடு அந்த ஜிப்லைனிலிருந்து ரொம்பத் தூரமில்லை. தறிக்காரர்கள் மட்டுமில்லை, பித்தளை வார்ப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். தேன்மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, பழைய பித்தளைச் சாமான்களை உருக்கி ஊற்றும் முறை. சுவாமிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். 2023-இல் அதே தேசியப் பட்டம் பெற்ற ஒன்பது பேரில் டினாலக் நெய்யும் பார்பரா ஒஃபோங், பித்தளை வார்க்கும் புண்டோஸ் ஃபாரா, பாட்டுக்காரர் ரோசி சூலா ஆகிய மூவரும் டிபோலிக்காரர்கள்.

டாவோவுக்கு இன்னும் கிட்டத்திலேயே அபாகா நெசவு உண்டு. பகோபோ மக்களின் இனாபல், டாவோ டெல் சூர் மாகாணத்தில். அதில் பேர்பெற்ற சலிந்தா மோனோன், லாங் துலாயோடு அதே 1998-இல் பட்டம் பெற்றவர். அவர் வாழ்ந்த பன்சாலான், டாவோவிலிருந்து கிடபவான், கோட்டபாட்டோ போகிற பேருந்துகளுக்கு வழியில் வருகிற ஊர். கிழக்கே டாவோ ஓரியண்டலில் மண்டாயா மக்களின் டக்மாய், நாரைச் சேற்றில் ஊறவைத்துக் கறுப்பேற்றும் முறை அவர்களுடையது. பொலொமொலோக்கில் ப்லான் மக்களின் தபீஹ். ஆகஸ்டில் கடயாவான் திருவிழா ஊர்வலத்தில் டாவோவின் 11 பழங்குடிச் சமூகங்களும் உங்கள் கண்முன்னே நடந்து போகிறார்கள். அன்றைக்கு நடனத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் உடம்பில் இருப்பதையும் பாருங்கள். எது தறியில் வந்தது, எது அச்சில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு நல்ல பயிற்சி.

அந்த அரசுப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1992-இல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். பட்டம் பெறுகிறவர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊர் விருதுகளோடு ஒப்பிட்டால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. ஆனால் கைக்குக் கொடுத்த கவனத்தை நாருக்கும் மரத்துக்கும் கொடுத்தார்களா என்று கேட்டால் தயக்கம் வருகிறது. அபாகாவை முடிக்கொத்து நோய் அரிக்கிறது. வாழை அசுவினி பரப்புகிற வைரஸ், நம் சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளை அழித்த அதே குடும்பம். லூசோன் தீவில் பாயெத்தே என்று ஒரு மரச் சிற்ப ஊர். 2005-இல் அதை நாட்டின் மரச்செதுக்குத் தலைநகரம் என்று ஜனாதிபதி அறிவித்தார். 2011-இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்ட நாடு முழுக்கத் தடை வந்தது. தடை தேவையானதுதான், மலைச்சரிவும் வெள்ளமும் எத்தனை உயிரைக் குடித்தன. ஆனால் அந்த ஊர்ச் சிற்பிகள் காலங்காலமாகச் செதுக்கி வந்தது பாட்டிக்குலிங் என்ற காட்டு மரத்தை. பட்டத்தோடு ஒரு பாட்டிக்குலிங் தோப்பையும் கொடுத்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழசு மட்டும்தான் அசல், புதுசெல்லாம் போலி என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். புக்கிட்னோன் மலைப்பாதையில் போனால் லாண்டபன் பக்கம் சுங்கோ என்ற ஊரில் தலாண்டிக் சமூகத்து ஓவியர்கள் மண்ணால் படம் வரைகிறார்கள். கித்தாங்லாட் மலையடிவாரத்தில் இடத்துக்கு இடம் மண் நிறம் மாறுகிறது. மஞ்சள், செங்கல் சிவப்பு, காப்பி, கிட்டத்தட்டக் கறுப்பு. அதைக் காயவைத்து, இடித்து, சலித்து, தண்ணீரும் பசையும் கலந்து கேன்வாஸில் தீட்டுகிறார்கள். வாவாய் சாவாய் என்ற இசைக் கலைஞரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் 2000-களில் பரப்பிய முறை இது. தாத்தா பாட்டி காலத்து வழக்கம் இல்லை. பசையும் கேன்வாஸும் கடையில் வாங்கியவை. ஆனாலும் அச்சு டினாலக்கைவிட இது அந்த மலைக்கு நூறு மடங்கு நெருக்கமானது. பழைய கோலத்தை நெகிழித் துணியில் ஏற்றி விற்பதைவிட, சொந்த மண்ணில் புதுக் கோலம் தேடுவதில்தான் கலை இருக்கிறது என்பது என் கட்சி.

பிலிப்பைன்ஸின் நவீனக் கலையில் இந்தக் கட்சிக்கு ஆள் நிறைய. 1981-இல் ஜுன்யீ என்ற கலைஞர் மணிலாவின் கலாசார மையத்தில் இலவங்காய்களைக் கொண்டு, பூச்சிகள் ஊர்வதுபோல் ஒரு பெரிய அமைப்பைச் செய்தார். கிளிக்கு ஏமாற்றமாகப் போன காய் அவருக்குச் சிற்பமாக ஆனது. அதே மையத்தின் வளாகத்தில் 1989-இல் பாகியோக்காரர் ராபர்ட்டோ வில்லனுவேவா, கோர்டில்லெரா மலையில் விளையும் ரூனோ நாணலால் சுருள் சுருளான ஒரு புதிர்ப்பாதை கட்டினார். கெட்டுப்போகட்டும், மண்ணோடு போகட்டும் என்றே செய்த கலை. மணிலாவின் தொண்டோ பகுதியில் ரே பாஸ் கொன்ட்ரேராஸ் ரயில் பாதையிலிருந்து கழற்றிப் போட்ட பழைய மரக்கட்டைகளைச் செதுக்கினார். டாவோவின் பீப்பிள்ஸ் பார்க்கில் நீங்கள் செல்ஃபி எடுக்கும் குப்லாய் மில்லானின் பழங்குடிச் சிலைகள் பெரும்பாலும் கான்கிரீட். அவற்றைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் ஏறி விளையாடினாலும் தாங்குகின்றன. ஆனால் சுங்கோவுக்கும் ஒருமுறை போய்விட்டு வந்து பாருங்கள்.

பிலிப்பினோக்கள் விழாக்களுக்குப் போடும் பாரோங் சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பட்டமளிப்பிலோ நண்பரின் கல்யாணத்திலோ என்றாவது போட வேண்டி வரும். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர், பரவாயில்லை, ஒரு நாள் கூத்துக்கு அது போதும். ஆனால் அசல் பீன்யா என்பது அன்னாசி இலை நார். ஆக்லான் மாகாணத்தில் இலையின் மேல்தோலை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டி முதலில் முரட்டு நாரை எடுப்பார்கள். அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய நாரைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டுவார்கள். பீங்கானின் கூர்மையை அது தாங்காது. இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சிட்டுத்தான் அதற்கும் நூல். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த நெசவு இடம்பிடித்தது. அப்பா அம்மாவுக்குப் பரிசு வாங்கும் அளவுக்கு என்றாவது கையில் காசு வந்தால் ஒரு பீன்யாக் கைக்குட்டையாவது வாங்கிப் பாருங்கள், தும்பியின் இறகுபோல இருக்கும்.

இனி, சங்கக்காரர்களுக்கு என் கோரிக்கை. பொங்கல் விழாவுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும் வரும் பிலிப்பினோப் பேராசிரியர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நீங்கள் பொன்னாடை போர்த்துகிறீர்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்தச் சரிகைப் பாலியஸ்டர் சால்வையைச் சென்னையிலிருந்து பெட்டியில் கட்டி வரவழைத்து, நெசவுக்குப் பேர்போன ஊரில் இருக்கும் ஒருவர் தோளில் போடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உள்ளூர்த் துணியை வாங்கிப் போர்த்துங்கள். டினாலக் இதற்கு ஆகாது. அது விறைப்பானது, தோளில் நிற்காது, சுவரில் மாட்டத்தான் அழகு. மகிந்தனாவ் மக்கள் நெய்யும் இனாஉல் மென்மையானது, போர்த்துவதற்கு ஏற்றது. அதற்குப் பருத்தி, பட்டு, ரேயான் நூல்களை வெளியிலிருந்து வாங்கித்தான் நெய்கிறார்கள். ‘உள்ளூர் நார், உள்ளூர் நார் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு இது என்ன’ என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கர்நாடகப் பட்டுநூல் இல்லாமல் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது, அதனால் காஞ்சிப் பட்டு போலியாகிவிடவில்லை. நூலை ஒருவர் விற்க இன்னொருவர் நெய்வது கடல் வாணிகம் தொடங்கிய நாளிலிருந்து உள்ளதுதான். தறியே இல்லாமல் தறியின் படத்தை மட்டும் விற்பதோடுதான் எனக்குச் சண்டை.

கலாசார இரவுகளில் பழங்குடி வேடம் போட்டு ஆடுவதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தில் கோடு, தலையில் இறகு, இடுப்பில் அச்சுத் துணி என்று நம் பிள்ளைகள் மேடையேறிய வீடியோவைப் பார்த்தேன். யார் மனதையும் புண்படுத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் நம் ஊர்க் கூத்துக் கலைஞர்களின் வேடத்தை யாராவது அப்படிப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? டிபோலி நடனம் வேண்டுமென்றால் டிபோலிக் குழுவையே அழைத்து, சம்பளம் கொடுத்து, மேடை கொடுங்கள்.

வீடியோ எடுக்கிறவர்களுக்கு: கேட்டுவிட்டு எடுங்கள். 1997-இல் வந்த பழங்குடி உரிமைச் சட்டம் அவர்களுடைய கலையறிவையும் சமூகத்தின் சொத்தாகவே பாதுகாக்கிறது. ஒருவரின் சம்மதம் மட்டும் சில நேரம் போதாது, சமூகத்தின் சம்மதமும் வேண்டும். வடக்கே கலிங்கா மாகாணத்துப் புஸ்கலான் கிராமத்தில் பம்பளிமாஸ் முள்ளாலும் கரியாலும் பச்சை குத்தும் வாங்-ஓத் பாட்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரலில் தம் 106-வது வயதில் வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையில் வந்தவர். 2021-இல் ஒரு பிரபல வீடியோ சேனல்காரர்களின் தளத்தில் அவர் பெயரில் ஒரு இணைய வகுப்பு விற்பனைக்கு வந்தபோது, சமூகத்தைக் கேட்காமல் எப்படி என்று அவருடைய உறவுப் பெண்ணே எழுப்பிய கேள்வி பழங்குடி ஆணையம் வரை போனது. லட்சக்கணக்கானோர் பார்க்கும் சேனல்களுக்கே அந்தக் கதி என்றால் நம் பத்தாயிரம் சந்தாதாரர் சேனலுக்கும் அந்த மரியாதை பொருந்தும்.

போகும் வழி: ஈக்கோலாண்ட் நிலையத்தில் ஜென்சான் பேருந்து, அங்கிருந்து கொரொனடால், அப்புறம் சுராலா, பிறகு லேக் செபு. ஒரு நாளில் போய் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு இரவு தங்குங்கள். காலையில் தறி ஓடும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமே. ஜூலையில் கொரொனடாலில் டினாலக் திருவிழா நடக்கும்போது போனால் பல நெசவாளிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். பேரம் பேசுவது நம் ரத்தத்தில் ஊறியது, எனக்கும்தான். அங்கே மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பிடித்த கோலம் கடையில் இல்லையென்றால் நெய்து தரச் சொல்லலாம். ஆனால் முழுத் துணிக்கு மாதக்கணக்கில் ஆகும். பட்டமளிப்புக்கு வீட்டில் மாட்ட வேண்டும் என்று நினைக்கிற கடைசி வருடப் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்குள் போய் சொல்லி வையுங்கள், கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வாருங்கள். நார் வாங்கவே அவர்களுக்குக் காசு வேண்டும்.

இனாஉல் சால்வைக்கு நெசவுக் கூட்டுறவுகளோடு பேச வேண்டுமென்றால் சங்கத்திலிருந்து ஒருவர் எழுதுங்கள். எத்தனை வேண்டும், எந்த மாதத்துக்குள் வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். பொங்கலுக்கு என்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே.

அன்புடன்,
மிந்தனாவ் தறிகளைத் தேடி வந்து போகும் ஒரு துணிக்காரி